தடை இருக்க வேண்டிய இடம்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மின்கட்டணச் சீட்டு வரும் நாளில் நம்முடைய இல்லங்களில் ஒரு சிறு சச்சரவு எழுவதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கீசர்தான் இவ்வளவையும் தின்றது என்பார் ஒருவர். இல்லை, இரவும் பகலும் சுழலும் மின்விசிறிதான் என்பார் மற்றொருவர். வோல்டேஜ் குறைந்தால் மீட்டர் வேகமாக ஓடும் என்று மாடிவீட்டுக்காரர் சத்தியம் செய்வார். கடைசியில் பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் அதே சச்சரவைத் தொடங்குவோம். இதைத் தீர்த்துவைக்கப் பெரிய சாஸ்திர ஞானம் தேவையில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும்.

அந்தப் பெருக்கலும் வகுத்தலுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு கருவியின் மேல் விழும் வோல்ட் அளவும், அதன் வழியே ஓடும் ஆம்பியர் அளவும் தெரிந்துவிட்டால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து அதன் தடையை ஓம் கணக்கில் சொல்லிவிடலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி அதன் திறனை வாட் கணக்கில் சொல்லிவிடலாம். இதோடு நான் மேடையை விட்டு இறங்கிவிட்டால் இக்கூட்டத்தின் தலைவர் அவர்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார். ஆனால் இந்த இரண்டு வரிகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நம்மில் எத்தனை பேர், அவற்றைக் கொண்டு நம் வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கைப் பார்த்திருக்கிறோம்?

தடை என்றதுமே நமக்கு ஒரு வெறுப்பு உண்டாகிறது. திருமணத்துக்குத் தடை, பிரயாணத்துக்குத் தடை, உத்தியோகத்துக்குத் தடை என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். மின்சாரத்தில் வரும் தடை நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் குளிக்க வெந்நீர் கிடைக்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் சுவர் கருகுகிறது. இந்த ஒன்றைத்தான் இன்று நான் பலவிதமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்களைக் கோலார் தங்கவயலுக்கு அழைத்துச் செல்கிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருடைய பாட்டனார்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேலை செய்தவர்களாக இருக்கக் கூடும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அலை அலையாகச் சென்று இறங்கிய பூமி அது. பொன் கலந்த பாறையைப் பூமியின் வயிற்றிலிருந்து தூக்கவும், தூக்கியதைப் பொடியாக இடிக்கவும், சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கவும் இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டியிருந்தது. அந்த இயந்திரங்களை ஓட்டிய நீராவிக்கு எரிபொருள் வாங்கி வாங்கிச் சுரங்கக் கம்பெனிகள் சலித்துப்போயிருந்த அந்தக் காலத்தில், காவிரி சிவசமுத்திரத்தில் யாருக்கும் பயன்படாமல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்க முடியும் என்று நம்பியவர்கள் இருவர். ஒருவர் மைசூர் சமஸ்தானத்தின் திவான், பாலக்காட்டுச் சீமையிலிருந்து வந்த தமிழர், சர் கே. சேஷாத்திரி ஐயர். மற்றவர் ராணுவ இஞ்சினீயரான ஜோலி டி லாட்பினியேர். அமெரிக்காவிலிருந்து ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் மின்னாக்கிகளும், சுவிட்சர்லாந்திலிருந்து எஷர் வீஸ் கம்பெனியின் நீர்ச்சக்கரங்களும் வந்து இறங்கின. சிவசமுத்திரத்துக்கும் கோலார் தங்கவயலுக்கும் இடையே 92 மைல். அந்தத் தொலைவைத் தாண்டி, 1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், காவிரியின் மின்சாரம் சுரங்கங்களைச் சென்றடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்ட சேஷாத்திரி ஐயருக்கு அதைக் கண்ணால் காணும் பாக்கியம் கிடைக்கவில்லை. 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி பெங்களூர் நகரத்தில் மின்விளக்கு எரிந்தது, கோலாருக்குப் பின்புதான். தலைநகரத்துக்கு முந்திச் சுரங்கம் வெளிச்சம் கண்டது.

சிவசமுத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 400 அடி இறங்குகிறது. எத்தனை அடி உயரத்திலிருந்து விழுகிறது என்பது ஒன்று. எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது வேறொன்று. உயரம் மட்டும் இருந்து தண்ணீர் இல்லையென்றால் சக்கரம் சுழலாது. தண்ணீர் மட்டும் இருந்து உயரம் இல்லையென்றாலும் சுழலாது. இரண்டையும் பெருக்கினால்தான் திறன். அந்த உயரத்தின் ஸ்தானத்தில் வோல்ட்டையும், அந்தப் பிரவாகத்தின் ஸ்தானத்தில் ஆம்பியரையும் வைத்துப் பாருங்கள். வாட் என்பது என்னவென்று விளங்கிவிடும்.

கோலாருக்குப் போன அந்தக் கம்பியில் எவ்வளவு வோல்ட் ஏற்றினார்கள்? 35,000. ஏன் இவ்வளவு? நம் வீட்டில் இருப்பதுபோல் 230 வோல்ட்டில் அனுப்பியிருக்கக் கூடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையில் அங்கே ஓடியது மூன்று கம்பிகளில் செல்லும் மும்முனை மின்சாரம். சபையின் சௌகரியத்துக்காக அதை ஒரு சாதாரணச் சுற்றாகவே வைத்துக்கொள்ளுகிறேன், இஞ்சினீயர்கள் பொறுத்தருள வேண்டும். அனுப்ப வேண்டிய திறன் 30 லட்சம் வாட் என்று கொள்வோம். 30 லட்சத்தை 35,000 வோல்ட்டால் வகுத்தால் 86 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. தொண்ணூற்றிரண்டு மைல் போய்த் திரும்பும் கம்பியின் தடை 40 ஓம் என்று ஓர் உத்தேசம் செய்துகொள்வோம். கம்பியில் உஷ்ணமாக விரயமாவது எவ்வளவு? ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்க வேண்டும். 86 பெருக்கல் 86, அதை 40ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 3 லட்சம் வாட். பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போகிறது. ஒன்பது பங்கு கோலாருக்குப் போய்ச் சேருகிறது. வியாபாரம் கட்டுப்படியாகும்.

இனி 230 வோல்ட்டில் பாருங்கள். அதே 30 லட்சம் வாட்டுக்கு 13,000 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆனால் 230 வோல்ட்டை அந்த 40 ஓம் தடையின் மேல் பிரயோகித்தால் ஓடக்கூடிய பிரவாகம் எவ்வளவு? 230ஐ 40ஆல் வகுங்கள். ஐந்தேமுக்கால் ஆம்பியர்! கோலாரில் கம்பியின் முனைகளை நேரடியாக ஒட்டவைத்தாலும், அதாவது இயந்திரம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாவற்றையும் கம்பியே எடுத்துக்கொண்டாலும், அதற்கு மேல் ஒரு துளியும் ஓடாது. பதின்மூன்றாயிரம் எங்கே, ஐந்தேமுக்கால் எங்கே! கோலாருக்குப் போயிருக்கக் கூடியது ஒரு தெருவின் விளக்குகளுக்குக்கூடப் போதாது. வகுத்தல் ஒன்று சொல்லிவிட்டது, இது நடக்காது என்று. பெருக்கல் ஒன்று சொல்லிவிட்டது, உயரத்தைக் கூட்டு என்று. காவிரி கோலாருக்குப் போனது அந்த இரண்டு கணக்குகளின் துணையோடுதான்.

இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் யார்? ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் ஊரில், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் பிறந்த ஜியார்ஜ் சைமன் ஓம். கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து பார்க்க விரும்பினார். ஆனால் அக்காலத்து மின்கலங்களின் வலிமை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரமே தவறாகப் போயிற்று. பிறகு வேறொருவரின் யோசனைப்படி மின்கலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநிலையும் உறைநிலையும் மாறாதவை அல்லவா? அவற்றால் பிறந்த வோல்ட்டும் மாறாமல் நின்றது. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துக் குறித்தார். 1826இல் விதி கையில் வந்துவிட்டது. 1827இல் புத்தகமாகவும் வந்துவிட்டது.

அதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? அவருடைய நாட்டிலேயே ஏளனம். உத்தியோகத்தை விட்டு, ஆண்டுக்கணக்கில் சிறு வருவாயில் காலம் தள்ளினார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கத்தை அளித்த பிறகுதான் சொந்த நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. வெளிநாட்டான் மெச்சினால்தான் உள்ளூர்க்காரன் மெச்சுவான் என்னும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஜெர்மானியர்களும் அதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஓமுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி காவண்டிஷ் என்ற பிரபு வம்சத்தவர், தம் உடம்பின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, அதிர்ச்சி எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று உணர்ந்தே ஏறக்குறைய இதே உண்மையை எட்டிவிட்டார், ஆனால் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகள் 1879இல்தான் மாக்ஸ்வெல் கையால் அச்சேறின. மாணவச் செல்வங்கள் அந்த முறையை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

ஓடும் பிரவாகம் இரட்டித்தால் கம்பியில் உண்டாகும் உஷ்ணம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்று கண்டவர் ஜேம்ஸ் ஜூல், ஆண்டு 1840. இந்த நான்கு மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்துக்கொண்டு உங்கள் குளியலறைக்குள் நுழைவோம்.

டிசம்பர் மாதத்து விடியற்காலையில் பெங்களூரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் வீரர்கள் இச்சபையில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன். கீசரின் மேல் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள்: 230 வோல்ட், 2000 வாட். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230ஐ அந்த 8.7ஆல் வகுத்தால் தடை 26 ஓம், கொஞ்சம் கூடுதல். இந்த 26 ஓமும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பிச் சுருளில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அது. அங்கே பிறக்கும் உஷ்ணம் முழுவதும் தண்ணீருக்குப் போகிறது.

இனிச் சுவரில் இருக்கும் பிளக்கைக் கவனியுங்கள். மூன்று பருத்த பித்தளை முளைகள். வருஷக்கணக்கில் செருகிச் செருகி, சாக்கெட்டின் உள்ளே பிடித்துக்கொள்ளும் பித்தளைப் பட்டை தளர்ந்துவிடுகிறது. முளை உள்ளே போகிறது, ஆனால் இறுக்கமாக நிற்பதில்லை. முழுப் பரப்பிலும் ஒட்ட வேண்டியது ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டுகிறது. அந்த ஓரத்தில் பிறக்கும் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஓம்தானே என்று அலட்சியமாக நினைக்கத் தோன்றும். 8.7 பெருக்கல் 8.7, அதில் பாதி: 38 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டுதான். அதைவிட அதிக உஷ்ணத்தைக் கக்கும் ஒன்றை நாம் சுவருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் மூடியும் போட்டு, கீழே துண்டைத் தொங்கவிட்டு, நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கிறோம்! முளை ஒன்று கறுக்கிறது. கறுத்த பரப்பில் தடை மேலும் ஏறுகிறது. ஏறிய தடையில் சூடு மேலும் ஏறுகிறது. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிறது. லேசான கருகல் வாடை வருகிறது. பக்கத்து வீட்டில் எதையோ தீயவிட்டார்கள் என்று ஜன்னலைச் சாத்துகிறோம்.

மெயின் பெட்டியில் எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பான் இருக்கிறதே, அது அணைத்துவிடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. எம்.சி.பி.க்குத் தெரிந்தது ஆம்பியர் ஒன்றுதான். பதினாறு ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து போனால் அது விழும். இங்கே ஓடுவதோ அதே 8.7. தடை கூடியதால் இன்னும் சற்றுக் குறைவாகவே ஓடுகிறது. எம்.சி.பி.யின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆகவே தளர்ந்த பிளக்கிலிருந்து உங்களைக் காப்பாற்ற எந்தக் காவலாளியும் பெட்டிக்குள் இல்லை. உங்கள் மூக்கும் விரலும்தான் இருக்கின்றன.

கம்பியும் அப்படித்தான். இந்தப் பகுதியில் ஓட்டுக்கூரை பங்களாக்கள் பலவற்றில், விளக்குக்கும் விசிறிக்கும் என்று அந்தக் காலத்தில் இழுத்த மெல்லிய கம்பியிலேயே இன்று கீசரையும் மாட்டிவிடுகிறார்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 18 ஓம். இரண்டரை சதுர மில்லிமீட்டருக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. மெயின் பெட்டியிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால், போய்வர 40 மீட்டர். மெல்லிய கம்பியில் தடை 0.72 ஓம், சூடாகும் திறன் 55 வாட் போல. தடித்த கம்பியில் 0.3 ஓம், சுமார் 22 வாட்டுதான். கம்பி வாங்கும்போது மிச்சம்பிடிக்கும் ரூபாயைக் கீசர் எரியும் நேரமெல்லாம் சுவருக்குள் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது மாடிவீட்டுக்காரரிடம் திரும்புவோம். வோல்டேஜ் குறைந்தால் கட்டணம் ஏறுமா? 230 வோல்ட் 200ஆக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசரின் தடை மாறவில்லை; அதே 26.45 ஓம். ஆகவே ஓட்டம் 7.56 ஆம்பியர், திறன் 200 பெருக்கல் 7.56, அதாவது 1512 வாட். வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது; திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. பதினைந்து லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர, முழு வோல்ட்டில் சுமார் பதினாறு நிமிஷம். குறைந்த வோல்ட்டில் இருபத்தொரு நிமிஷம். யூனிட் கணக்கு? இரண்டிலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், அதே அளவு. வெளியே கசியும் சிறிது உஷ்ணத்தைத் தவிர, தண்ணீர் கேட்கும் உஷ்ணம் மாறாது. மாடிவீட்டுக்காரருக்கு நஷ்டம் பணத்தில் அன்று, ஐந்து நிமிஷத்தில். அவர் சொன்னதில் ஓர் அம்சம் மட்டும் உண்மை: ஏ.சி., குளிர்பெட்டி போன்ற மோட்டார் உள்ள சாமான்கள் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியரை இழுத்துச் சூடேறக் கூடும். அவை இந்த எளிய விதிக்குள் அடங்கா. அவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதும் வாட் கிடைத்துவிடாது, இன்னொரு குணகத்தாலும் பெருக்க வேண்டும்.

பழைய குண்டு பல்பும் அடங்காத பிள்ளைதான். 60 வாட் பல்பு எரியும்போது தடை 882 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அளந்தால் பத்தில் ஒரு பங்குகூட இராது. டங்ஸ்டன் இழை சூடேற ஏறத் தடையும் ஏறுகிறது. பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்திலேயே உயிரை விடுவது இதனால்தான்.

கடைசியாக, கருவி எதுவும் வாங்காமல், இன்றிரவே நீங்கள் செய்து பார்க்கக் கூடிய ஒரு பரீட்சை. உங்கள் வீட்டு எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்பாகக் கண்சிமிட்டும் சிறு விளக்கு ஒன்று உண்டு. யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று பல மீட்டர்களின் முகப்பில் அச்சிட்டிருப்பார்கள். வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 48 என்றால், மணிக்கு 2880. அதை 3200ஆல் வகுத்தால் மணிக்கு 0.9 யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், ஆகவே இது 900 வாட். அதை 230ஆல் வகுத்தால் 3.9 ஆம்பியர். 230ஐ அந்த 3.9ஆல் வகுத்தால் 59 ஓம். பெட்டியின் மூடியைத் திறக்கவில்லை, ஒரு திருகாணியைத் தொடவில்லை. உள்ளே மறைந்திருக்கும் கம்பிச் சுருளின் தடையைச் சொல்லிவிட்டோம். நூறு வருஷத்துக்கு முன் ஆய்வுக்கூடத்தில் உபகரணங்களைப் பரப்பி வைத்துச் செய்ததை, மாணவச் செல்வங்களே, நீங்கள் மீட்டர் பெட்டியின் முன்னால் கடிகாரத்தோடு நின்று செய்துவிடலாம்.

பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. நாளைக் காலை கீசர் எரிந்து முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக்கைப் பிடுங்கி, அதன் முளைகளுக்குப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாதபடி சுட்டால், அல்லது முளை கறுத்திருந்தால், அன்றே மின் பணியாளரை அழைத்து பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை. வந்தவரிடம், குளியலறைக்குப் போகும் கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர் என்றும் கேட்டுவையுங்கள். இரண்டரைக்குக் குறைவாகச் சொன்னால், புதிய கம்பி இழுக்கும் வரையில் அந்தக் கீசரை உபயோகிக்க வேண்டாம்.